கிழங்கை மணலில் புதைக்காதீர்கள்: மீன்தொட்டியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வளர்க்க ஒரு வழிகாட்டி

என் முதல் அனுபியாஸ் செடியைச் சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் வாங்கினேன். "மணல்ல நல்லா ஊனி விடுங்க சார், வந்துரும்" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்ததும் இஞ்சி நடுவதுபோல் தண்டு முழுக்க மறையும்படி ஊன்றிவிட்டேன். மூன்று வாரம் செடியில் எந்த மாற்றமும் இல்லை. நான்காவது வாரம் ஓர் இலை அடியோடு கழன்று மேலே மிதந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. பிடுங்கிப் பார்த்தால், மணலுக்குள் இருந்த தண்டு அழுகிய வாழைப்பழம்போல் குழைந்து, முட்டை கெட்ட நாற்றம் அடித்தது.

இந்த வகைச் செடிகளுக்குத் தண்டை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. கீழே சொல்லியிருக்கும் எல்லா வேலைகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எது தண்டு, எது வேர்

பள்ளிக்கூடத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்பீர்கள். இஞ்சியும் மஞ்சளும்தான் அதற்கு உதாரணம். பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிழங்கு என்று நாம் சொல்லும் அந்தப் பகுதி உண்மையில் படுத்துக்கிடக்கும் தண்டு. மேல்பக்கம் இலை வரும், கீழ்ப்பக்கம் வேர் இறங்கும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இதை ரைசோம் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா, பொல்பிடிஸ் ஆகிய நான்குக்கும் இதே அமைப்புதான். இஞ்சிக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் வாழும் இடத்தில் இருக்கிறது. இஞ்சி மண்ணுக்குள் வளரப் பிறந்தது. இவையோ ஓடைக்கரைப் பாறையிலும், விழுந்து கிடக்கும் மரத்திலும் ஒட்டி வளர்பவை. அனுபியாஸும் பொல்பிடிஸும் ஆப்பிரிக்கக் காட்டாறுகளைச் சேர்ந்தவை. ஜாவா ஃபெர்ன் நம் ஆசியாவின் ஈரக்காட்டுப் பெரணி. புசெபலாண்ட்ரா போர்னியோ தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. நான்கின் தண்டின் மேலும் ஓடும் தண்ணீரோ ஈரக்காற்றோ எப்போதும் பட்டுக்கொண்டே இருக்கும். அதை மணலுக்குள் அழுத்தினால், அங்கே தண்ணீர் ஓட்டம் இல்லை, ஆக்சிஜன் குறைவு, அழுகச்செய்யும் பாக்டீரியாவுக்கு அதுவே வசதி. தண்டு மூச்சுமுட்டிச் சாகிறது. வேர் மணலுக்குள் போனால் ஒன்றும் ஆகாது; தண்டு போனால்தான் ஆபத்து.

சென்னையில் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு அனுபியாஸில் நானா என்ற சின்ன வகையையும் ஜாவா ஃபெர்னையும் மட்டுமே நான் சொல்வேன். புசெபலாண்ட்ரா அழகுதான், ஆனால் விலை அதிகம், தண்ணீர் மாறினால் இலைகளை உதிர்த்துவிடும். பொல்பிடிஸ் குளிர்ந்த, ஓட்டமான தண்ணீரைக் கேட்கும் செடி. நம் ஊர் மே மாதத்தில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. முதல் இரண்டும் ஒரு கோடையைத் தாண்டிவிட்டால் அப்புறம் மற்றவற்றைப் பார்க்கலாம்.

கடையில் நிற்கும்போது

கொளத்தூர்ப் பக்கம் போனால் காலையிலேயே போங்கள். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். மதியம் ஒரு மணிக்குப் பைக்கின் முன்கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் கவருக்குள் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் செடிகளுக்குக் கவர் நிறையத் தண்ணீர் தேவையில்லை. நனைத்த செய்தித்தாளில் சுற்றிக் கவரில் போட்டாலே போதும், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

வாங்கும்முன் ரைசோமைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். புது இஞ்சிபோல் கெட்டியாக இருக்க வேண்டும். எங்காவது அமுங்கினால் அந்தச் செடி வேண்டாம், எத்தனை இலை இருந்தாலும் சரி. அதேபோல் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பச்சை வாசம்தான் வர வேண்டும். இலையில் ஓட்டை, ஓரம் பழுப்பு, கொஞ்சம் பாசி இதெல்லாம் பெரிய விஷயமில்லை. புது இலை வந்துவிடும், புது ரைசோம் வராது. குறைந்தது நான்கு இலையும் ஒரு விரற்கடை நீளத் தண்டும் உள்ளதாகப் பாருங்கள்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது பெரணி, பூவும் விதையும் அதற்குக் கிடையாது. அந்தப் புள்ளிகள் வித்துத்தூள் பைகள்.

இன்னொன்று. கடைகளில் எல்லாமே ஒரே தொட்டியில் கிடக்கும். அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன் இரண்டையும் மணலில்தான் நட வேண்டும். அவற்றைக் கல்லில் கட்டினால் பட்டினி கிடக்கும். பார்த்ததும் பிரித்தறிய ஒரே வழி, படுக்கைத்தண்டு இருக்கிறதா என்று தேடுவது. இலைகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பினால் அது மணலுக்குரிய செடி. தண்டின் நீளத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக எழும்பினால் கல்லுக்குரியது. கெட்டியான, வரிபோட்ட இலைகளோடு நிமிர்ந்து நிற்கும் சில தரைச்செடிகளையும் தண்ணீர்ச்செடி என்று விற்பார்கள். அவை ஒன்றிரண்டு மாதத்தில் தொட்டியிலேயே அழுகும். பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

சின்னத் தொட்டிச்சட்டியில் வந்த செடி என்றால் வேரைச் சுற்றி மஞ்சளோ பழுப்போ ஆன பஞ்சு இருக்கும். அது சாதாரணப் பஞ்சு இல்லை, கல்லை உருக்கி இழையாக்கியது. முழுவதையும் எடுத்துவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பல்குத்தும் குச்சியால் கோதிக் கோதி எடுங்கள். வேர் கொஞ்சம் அறுந்தால் பரவாயில்லை. மூடிய கப்பில் ஜெல்லியோடு வரும் திசுவளர்ப்புச் செடி என்றால் அந்த ஜெல்லியைக் குழாய்நீரில் கழுவிவிட்டாலே வேலை முடிந்தது. நத்தைத் தொல்லையும் வராது.

மற்ற செடிகளோடு நத்தைமுட்டை வந்தே தீரும். வீட்டில் படிகாரம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் தூள் கரைத்து, செடியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். நத்தை போகும், முட்டை சில தப்பிக்கலாம். அதனால் அலசியபின் ஒரு வாரம் தனி வாளியில் ஜன்னலருகே வைத்திருந்து, ஜெல்லிபோல் ஒட்டியிருப்பதைக் கண்டால் விரலால் வழித்துவிட்டுப் பிறகு தொட்டிக்குள் விடுவேன். இறால் வளர்ப்பவர்களுக்கு இந்த ஒரு வாரம் இன்னும் முக்கியம். செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருந்தால் மீன் தாங்கும், இறால் தாங்காது. நாளுக்கொரு முறை வாளித்தண்ணீரை மாற்றுங்கள்.

பிறகு கத்திரி. நீளமாகத் தொங்கும் பழைய வேர்களை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். பயப்பட வேண்டாம். பழைய வேர் புதுக் கல்லைப் பிடிக்காது. பிடிக்கப்போவது இனிமேல் வரும் வேர்தான். மஞ்சளான இலையை ரைசோமை ஒட்டி வெட்டுங்கள். அனுபியாஸ் நம் சேம்பின் உறவுக்காரச் செடி. சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதற்குக் காரணமான அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இதிலும் உண்டு. கை அரிக்கும் உடம்பு என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதைச் சிறிது நேரம் தனித்தண்ணீரில் அலசி, அந்தச் சாறு போனபின் தொட்டிக்குள் விடுங்கள்.

எதன்மேல் ஏற்றுவது

இதற்குக் கடையில் நூறு நூறாகச் செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. நம் வீட்டுச் சமையலறையிலும் தெருவிலும் கிடைப்பதே போதும்.

கருங்கல் நல்லது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்தது இந்த வகைக் கல் என்பதால், 1893-இல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. நமக்கு வேண்டிய விஷயம், அதில் சுண்ணாம்பு இல்லை. தண்ணீரின் தன்மையை மாற்றாது. வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் ஜல்லியில் சிமென்ட் ஒட்டாத, கையளவுத் துண்டாகத் தேடுங்கள். கூர்மையான முனையைத் தரையில் தேய்த்து மழுக்குங்கள். பெயர் தெரியாத கல் என்றால் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல், வேண்டாம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் பொறுக்கிய சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதுவும் வேண்டாம். சென்னையின் ஆழ்துளைக்கிணற்றுத் தண்ணீரே கடினம், அதை இன்னும் கடினமாக்கும்.

கொட்டாங்குச்சி எனக்கு மிகவும் பிடித்தது. நார் எல்லாம் சுரண்டி, உள்ளே தேங்காய்த் துளிகூட இல்லாமல் வழித்து, அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை. பிறகு நாலைந்து நாள் ஊறப்போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றினால் பழுப்பு நிறம் விடுவது குறையும். எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் தொட்டியின் மேல் ஏடு படரும், அதனால் இந்த வேலையில் அவசரம் வேண்டாம். ஓரத்தில் ஒரு வாசல் உடைத்துக் கவிழ்த்து வைத்தால் கீழே மீன்குஞ்சு ஒளிந்துகொள்ளும், மேலே செடி.

அகல் விளக்கும் அருமை. எண்ணெய் ஊற்றாத, வண்ணம் பூசாத புது அகலாக இருக்க வேண்டும். சுட்ட மண்ணில் நுண்துளை நிறைய. வேர் அதைப் பிடிப்பதுபோல் கருங்கல்லைக்கூடப் பிடிப்பதில்லை. உடைந்த பூந்தொட்டி ஓடும் அப்படித்தான். ஒரு நாள் ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மரக்கட்டை வைப்பதென்றால் மீன்தொட்டிக்கென்று விற்கும் காய்ந்த கட்டையை வாங்குங்கள். தெருவில் வெட்டிப்போட்ட பச்சைக் கிளை வேண்டாம், பால் வடியும், அழுகும். வாங்கிய கட்டையும் உடனே மூழ்காது. வாளியில் போட்டு மேலே கல்வைத்து இரண்டு வாரம் ஊறவிடுங்கள்.

கட்டுவது

பூக்கட்டும் நூலும் வாழைநாரும் வேண்டாம். தண்ணீருக்குள் சில வாரத்தில் இற்றுப்போகும். அனுபியாஸ் அதற்குள் வேர்விட்டிருக்காது. தையற்கடை நூலில் பாலியஸ்டராகப் பார்த்துக் கருப்போ கரும்பச்சையோ வாங்குங்கள். சந்தேகம் என்றால் நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். தூண்டில் நரம்பும் நல்லதுதான், ஆனால் முடிச்சு வழுக்கும். புதிதாகக் கட்டுபவர்களுக்குத் தையல் நூலே சுலபம்.

கல்லை மேசையில் வைத்து, செடியை அதன்மேல் படுக்கவையுங்கள். வேர்ப்பக்கம் கல்லைத் தொட வேண்டும், இலைப்பக்கம் வானம் பார்க்க வேண்டும். ரைசோமின் வளரும் முனை, அதாவது இளம் இலை சுருண்டிருக்கும் பக்கம், முன்னால் கொஞ்சம் இடம்விட்டு வையுங்கள். செடி அந்தத் திசையில்தான் நகர்ந்துபோகும். முனையைக் கல்லின் விளிம்பில் வைத்துவிட்டால் ஆறு மாதத்தில் அந்தரத்தில் தொங்கும்.

இப்போது நூலை இலைகளுக்கு இடையே நுழைத்து இரண்டு மூன்று சுற்று. எவ்வளவு இறுக்கம் என்று கேட்பீர்கள். மல்லிகைச் சரம் தொடுக்கும்போது காம்பு நசுங்காமல், பூவும் நழுவாமல் ஒரு பிடி பிடிப்பார்களே, அந்த இறுக்கம். கல்லைத் தலைகீழாகப் பிடித்தால் செடி ஆடக் கூடாது. ரைசோமில் நூல் பதிந்து கோடு விழவும் கூடாது. முடிச்சு கல்லின் அடியில் போகட்டும். கட்டும் நேரம் முழுக்க ஒரு குவளைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலைகளை நனைத்தபடி இருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஜாவா ஃபெர்ன் இலை சீக்கிரம் காய்ந்துவிடும்.

கோல்டுஃபிஷ் தொட்டிக்கு ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள். அந்த மீன் மற்ற செடிகளை எல்லாம் தின்றாலும் அனுபியாஸின் தோல்போன்ற இலையை விட்டுவிடும். ஆனால் மோந்து மோந்து பிடுங்கப் பார்க்கும்.

பசையால் ஒட்டுவது

நூல் கட்டப் பொறுமை இல்லை, அல்லது கட்டையில் சுற்ற இடமில்லை என்றால் பசை. ஃபெவிக்விக் போன்ற பசையில் இருப்பது சயனோஅக்ரிலேட். தண்ணீர் பட்டதும் இறுகும், இறுகியபின் மீனுக்குத் தீங்கில்லை. ஜெல் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நீர்த்தது கல்லில் வழிந்தோடி விரலோடு ஒட்டிக்கொள்ளும்.

கல்லையும் ரைசோமின் அடியையும் துணியால் ஒற்றி எடுங்கள். கல்லில் மிளகளவு இரண்டு மூன்று சொட்டு. வேர்க்கொத்தை அதன்மேல் வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டுத் தண்ணீரில் இறக்குங்கள். ரைசோம் முழுக்கப் பசை பூசுவது மணலில் புதைப்பதற்குச் சமம். வேரில் படட்டும், தண்டில் ஓரிரு புள்ளி படட்டும், அவ்வளவுதான். வெள்ளையாகப் பூத்துத் தெரியும். சில மாதத்தில் பாசி மூடிவிடும்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: இடுக்கை நிரப்ப மருந்துக்கடைப் பஞ்சை வைத்து அதன்மேல் இந்தப் பசையை விடாதீர்கள். பருத்தியோடு சேர்ந்ததும் கை சுடுமளவு சூடேறிப் புகையும் வரும். பருத்திக் கையுறையும் கூடாது, ரப்பர் கையுறைதான். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

தொட்டிக்குள் எங்கே

நிழலில். இதுதான் பதில். இந்தச் செடிகள் மரங்கள் அடர்ந்த ஓடையில் வளர்ந்தவை. மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் இலைதான் விடும் அனுபியாஸ். அவ்வளவு மெதுவாக வளரும் இலை, விளக்குக்கு நேர் கீழே இருந்தால் பாசி குடியேறிவிடும். உயரமான செடியின் நிழல், கட்டையின் அடிப்பகுதி, மூலை ஆகியவை நல்ல இடங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலருகே தொட்டி இருந்தால் திரை போடுங்கள். எல்இடி விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 7 மணி நேரம் போதும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையே இல்லை.

வடிகட்டியிலிருந்து வரும் ஓட்டம் மெல்லத் தொடும் இடமாக இருந்தால் இலையில் தூசு தங்காது. கல்லை மணலில் லேசாகப் பதித்து வைக்கலாம், ரைசோம் மணலுக்கு மேலே இருக்கும்வரை. மீன்கள் மணலைக் கிளறி நாளடைவில் தண்டை மூடிவிடும். வாரம் ஒருமுறை விரலால் ஒதுக்கிவிடுங்கள்.

உரம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மணலில் புதைக்கும் உரமாத்திரை கல்லில் இருக்கும் செடிக்குப் போய்ச் சேராது. அது தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் செடி. மீன் நிறைய இருந்தால் அதன் கழிவே பெரும்பகுதி உரம். ஜாவா ஃபெர்ன் இலையில் ஊசிக்குத்துபோல் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. திரவ உரத்தைப் போத்தலில் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒருமுறை விடுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர்

மெட்ரோ தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே இடத்துக்கு இடம் மாறும்: புழல், செம்பரம்பாக்கம், வீராணம், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். எதுவானாலும் குளோரின் இருக்கும். செடியைவிட மீனுக்கும், வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கும் அதுதான் எமன். கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் கிடைக்கும் சொட்டுமருந்தை விடுங்கள், அல்லது வாளியில் ஒரு நாள் திறந்துவையுங்கள்.

ஆழ்துளைக்கிணற்றுத் தண்ணீர் என்றால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். சில பகுதிகளில் 1000-ஐத் தாண்டும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கடினத் தண்ணீரைத் தாங்கும், ஆனால் இலையில் வெள்ளைப் பொருக்கு படியும். வீட்டில் ஆர்ஓ இருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டாம். அதில் செடிக்கும் மீனுக்கும் தேவையான உப்புகள் இருக்காது.

தொடங்க எது நல்ல மாதம் என்று கேட்டால் ஐப்பசி, கார்த்திகை என்பேன். வடகிழக்குப் பருவமழையில் தொட்டி தானாகவே 26, 27 டிகிரிக்கு இறங்கும். செடி வேர்பிடிக்கச் சித்திரைக்குள் நாலைந்து மாதம் கிடைக்கும்.

முதல் இரண்டு மாதம்

கையை வைக்காமல் இருப்பதுதான் இந்த இரண்டு மாத வேலை. வேர்பிடித்ததா என்று வாரம் ஒருமுறை இழுத்துப் பார்த்தால் அது பிடிக்கவே பிடிக்காது. பெரும்பாலும் 4 முதல் 8 வாரத்தில் வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ புதுவேர் கல்லைத் தழுவி இறங்குவது கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியும். வேர் நன்றாகப் பரவியபின் நூலை வெட்டி எடுக்கலாம், விட்டும்வைக்கலாம்.

இதற்கிடையில் பழைய இலைகள் சில மஞ்சளாகிக் கரையும். நர்சரிகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்த்திருப்பார்கள். அந்த இலை தண்ணீருக்குள் வாழப் பழகாதது. அதை உதிர்த்துவிட்டுப் புதிதாக விடும். இலை போகிறது என்று பதறித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடையில் செய்த அதே கட்டைவிரல் சோதனையைச் செய்யுங்கள். ரைசோம் கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது.

ரைசோம் ஓரிடத்தில் குழைந்தால் அன்றே வெளியே எடுங்கள். புது பிளேடைச் சுடுதண்ணீரில் கழுவி, குழைந்த பகுதியையும் அதற்கப்பால் அரை சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டுமுகம் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம். மிச்சத்தை எதிலும் கட்டாமல் தனி வாளியில் ஒரு வாரம் மிதக்கவிட்டு, அழுகல் மறுபடி வரவில்லை என்றால் கட்டுங்கள். ஒரே ஓர் இலையோடு மிஞ்சிய துண்டிலிருந்து முழுச்செடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். எட்டு மாதம் ஆனது.

கத்திரி வெயில்

மே மாதத்தில் மாடிவீட்டுத் தொட்டி 32 டிகிரியைத் தொடும். ஜாவா ஃபெர்ன் 30-க்கு மேல் நீண்ட நாள் இருந்தால் இலை பழுப்பாகும். தொட்டிமூடியைத் திறந்து, சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப்பரப்பின் குறுக்கே வீசும்படி வையுங்கள். நம் ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் பெரிதாகக் குறையாது. இரண்டு டிகிரி குறைந்தாலும் லாபம்தான். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் அன்றாடம் ஈடுசெய்ய ஆர்ஓ தண்ணீர் விடுங்கள். விளக்கை மாலைக்கு மாற்றி 5 மணி நேரமாகக் குறையுங்கள். ஐஸ்கட்டியைக் கொட்டாதீர்கள், திடீர் மாற்றத்தை மீன் தாங்காது. இந்த மாதத்தில் வெட்டுவதும் பிரிப்பதும் வேண்டாம்.

மின்வெட்டுக்கு இந்தச் செடிகள் அஞ்சுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி மீன்களைக் காப்பாற்றினேன். வேகமாக வளரும் மற்ற செடிகள் கரைந்துபோயின. அனுபியாஸில் ஓர் இலைகூட விழவில்லை.

பாசி வந்தால்

பழைய இலையில் பச்சைப்புள்ளியாகப் படிவதை இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தால் பாதி போகும். கருப்பாகத் தாடிபோல் வளர்வது பிடிவாதமானது. கல்லோடு வெளியே எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை அந்த இடத்தில் மட்டும் தூரிகையால் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, அலசி உள்ளே வையுங்கள். சில நாளில் பாசி சிவந்து வெளுத்து உதிரும். கல்லோடு தூக்கி எடுக்க முடிவதே இந்த முறையின் பெரிய வசதி. மணலில் நட்ட செடியோடு இதைச் செய்ய முடியாது.

ஒன்றை இரண்டாக்குவது

ஒரு வருடம் போனால் அனுபியாஸின் ரைசோம் கல்லைத் தாண்டி நீண்டிருக்கும். சில சமயம் தண்ணீருக்குள்ளேயே பூக்கும். சேம்புப் பூவின் சாயலில் சின்ன வெள்ளை மடல். அதைப் பார்த்தால் செடி திருப்தியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு, முனையிலிருந்து எண்ணி நாலைந்து இலை வரும் இடத்தில், சுத்தமான பிளேடால் ஒரே வெட்டு. அறுக்கக் கூடாது. முனைத்துண்டைப் புது அகலில் கட்டுங்கள். பின்துண்டைக் கல்லிலிருந்து பெயர்க்கவே வேண்டாம், அப்படியே விடுங்கள். ஜாவா ஃபெர்ன் இன்னும் சுலபம்: முதிர்ந்த இலையின் நுனியிலும் ஓரத்திலும் குட்டிச்செடிகள் தாமாகவே முளைக்கும். மூன்று குட்டி இலையும் பழுப்பு வேர்க்கொத்தும் வந்தபின் கிள்ளினால் கையோடு வரும்; ஓட்டின் இடுக்கில் செருகிவிடுங்கள், நூல்கூட வேண்டாம்.

வெட்டிய அனுபியாஸில் பின்துண்டைத்தான் அடிக்கடி பாருங்கள். இலை குறைந்து மொட்டையாக நிற்கும். ஒன்றிரண்டு மாதத்தில் வெட்டுவாய்க்குச் சற்றுப் பின்னால், பழைய இலைத்தழும்பின் அருகே, கடுகளவில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். சில செடிகளில் இரண்டு. அந்தப் பக்கம் விளக்கு படும்படி கல்லைக் கொஞ்சம் திருப்பிவையுங்கள்.